மடத்து ஜமக்காளம்

நாளை விடிந்தால் சின்னாயியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளைப் பெற்ற தீர்த்தகிரியின் வீட்டில், வந்தவர்களை உட்கார வைக்க ஒரு கிழிந்த கோரைப்பாய்தான் உண்டு. போன முறை வந்தவர்கள் அந்தப் பாயைப் பார்த்ததுமே தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

"இந்தத் தடவையும் தட்டிப் போச்சுன்னா நான் காவேரியில உழுந்துருவேனுங்க" என்று சொல்லிவிட்டாள் பெண்டாட்டி மாரக்காள்.

ஜமக்காளத்துக்கு எங்கே போவது? உலகச் சண்டைக் காலம், நூலுக்கே கன்ட்ரோல். குமாரபாளையம் முழுக்க அலைந்தாலும் ஒரு முழம் கிடைக்காது.

ஆற்றங்கரை மடத்தில் மட்டும் ஒன்று இருந்தது, கூடத்து நீளத்துக்கு! மடத்துக்குத் தலைவரான பெரியவர் முதல் நேற்று வந்த பண்டாரம் வரை எல்லாரும் அந்த ஒரே ஜமக்காளத்தில்தான் வரிசையாகப் படுக்க வேண்டும். அது மடத்துச் சட்டம்.

அன்று குருபூஜை. தீர்த்தகிரியும் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை ஒரு கை பார்த்தான். உண்ட களைப்பில் சாமியார்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். அடேயப்பா, என்ன குறட்டை! ரைஸ் மில் தோற்றுப்போகும்.

தீர்த்தகிரி மடியிலிருந்து கோழியிறகை எடுத்தான். கோடியில் கிடந்தவரின் காதில் ஒரு வருடல். அவர் வெறும் தரைக்கு உருண்டார். காலியான அளவுக்கு ஜமக்காளத்தைச் சுருட்டினான். அடுத்த காது. அவரும் உருண்டார். அதற்கடுத்தவரோ இறகு படும் முன்பே உருண்டு கொடுத்தார். பெரியவர் தூக்கத்திலேயே காலைக்கூடத் தூக்கினார். 'பாயசமே, நீ நல்லா இருக்கோணும்!' தீர்த்தகிரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சுருட்டியதைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினான். என் மகளுக்குக் கல்யாணம் என்று ஊரைக் கூட்டிக் கத்தலாம் போலிருந்தது.

பின்னால் கதவு சாத்தப்பட்டு, தாழ் விழுந்தது. ஜன்னலில் பெரியவர் முகம்! அவர் தோளுக்குப் பின்னால் மற்ற சாமியார்கள். ஒருத்தர் கண்ணிலும் தூக்கமில்லை.

தீர்த்தகிரி ஜமக்காளத்தைத் தோளிலிருந்து இறக்கினான். "சாமி, மன்னிச்சுப்போடுங்க. இருந்த எடத்துலயே விரிச்சுப் போடறேனுங்க."

"ஐயையோ, வேண்டாஞ் சாமி!" என்று பதறினார் பெரியவர். "தானமா வந்ததை நாங்களா வெளிய போட்டாப் பாவம். பந்தியில நீ அதையே பார்த்துட்டிருந்தப்பத்தான் எங்களுக்கு உசுரே வந்துச்சு. மகராசனா எடுத்துட்டு ஓடு!

"வெயில்ல போட்டும் போகாத அந்த மூட்டைப்பூச்சிக, ஆறு மாசமா எங்களைக் கண்ணு மூட விடலை."