சீனியர் மகள்

மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தால் இப்போது மதிப்பெண் கேட்பதில்லை. இதுவரை எத்தனை நோயாளிகளைத் தைரியப்படுத்தியிருக்கிறீர்கள் என்பதை இயந்திரமே தேடி எண்ணிக்கொள்ளும்.

இருபத்தெட்டு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டும் மிக்கேல், வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பித்துவிட்டுப் பயந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே, "இந்தா வந்தாச்சு, அடுத்த வளைவுதான்" என்று பின்னால் படுத்திருப்பவர்களிடம் சொல்வது அவர் வழக்கம். அத்தனையும் பொய்யென்று தள்ளிவிட்டால்?

தள்ளவில்லை, ஒவ்வொரு வளைவையும் எண்ணியிருந்தது. காலையில் சாப்பிடும்போது, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்தது. அதே கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் ஜெசிந்தா அதை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சீனியரப் பாத்தா எந்திரிச்சு நிக்கணும்ப்பா" என்றாள்.

மிக்கேல் இட்லித் தட்டோடு எழுந்து நின்றார்.