கோல்கீப்பரின் பெயருக்கு முன்னால்

இத்தாலிய நகரத்தின் போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரன் கூவுவது மூன்றாம் மாடிவரை ஏறி வருகிறது. மேசையில், உரித்த மண்டரின் ஆரஞ்சுத் தோல்களுக்கு நடுவே, பழைய மாணவர் சங்கம் வெளியிடப்போகும் மலரின் ஒரு பக்கம் விரிந்து கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சங்கத்தார் படித்த கல்லூரியின் உதைபந்தாட்ட வரலாற்றிலேயே தலைசிறந்த பதினொரு பேர். நான்கு பெயர்களுக்கு முன்னால் ‘அமரர்’ என்று அச்சாகியிருக்கிறது. கோல்கீப்பர் தவராசாவின் பெயருக்கு முன்னால் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. படத்தில் அவர் பந்துக்காக இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். போர் முடிந்த அந்த மே மாதத்தில், குகனேஸ்வரி தன் புருசன் தவராசாவைக் கடைசியாகப் பார்த்தபோதும் இப்படித்தான் கைகளை உயர்த்தியபடி ஆமிக்காரரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். “இண்டைக்கு அச்சுக்கு அனுப்பவேணும், அக்கா,” என்கிறான் சங்கச் செயலாளர் றஞ்சித், அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்க்காமல். “அமரர் எண்டு போடட்டோ? உங்களைக் கேக்காமல் போட மனம் வரேல்லை.” பால்கனி வெயில் அந்தப் பக்கத்தின்மேல் வெள்ளையாக விழுகிறது. அவள் பெருவிரலால் கேள்விக்குறியைத் தேய்க்கிறாள். அது அழியவில்லை, கரியாகப் பரவி, உயர்ந்த கைகள்வரை இழுபடுகிறது. “என்னட்டைக் கேளாதேங்கோ, தம்பி,” என்கிறாள். “விசாரிச்சிட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போனவையிட்டைக் கேளுங்கோ.”