ஆளில்லாப் பீடம்

போட்டி அரங்கில் பெட்டியைத் திறந்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பஞ்சுக்கு நடுவே பீடம் மட்டும் இருந்தது. அதன்மேல் நிற்க வேண்டிய, கட்டைவிரல் உயரப் போர்வீரனைக் காணோம்.

"வீட்டு மேசையிலேயே வச்சுட்டு வந்துட்டேன் போல," என்றார் கணவர், தலையைச் சொறிந்தபடி.

"நல்லா இருக்கு. மாப்பிள்ளையை விட்டுட்டு மணமேடையைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டில் இருவருக்கும் பைத்தியம். வீரர்களுக்கு வண்ணம் பூசுவது அவர். பீடத்தில் அவர்கள் நிற்கும் தரையைக் கணினியில் வரைந்து, முப்பரிமாணப் பிரிண்டரில் அச்சிட்டு, தேய்த்து, வண்ணம் ஏற்றுவது அவள். போட்டிக்குப் போனால் பேச்செல்லாம் வீரனைப் பற்றித்தான். தரையை யாரும் குனிந்துகூடப் பார்த்ததில்லை.

'என் வேலையை மிதிச்சுக்கிட்டு நின்னுதான் உங்க ஆளு பேர் வாங்குறான்' என்று அவள் சீண்டுவாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

இந்த முறை மழை விட்ட சேற்று நிலம், ஓரத்தில் இடிந்த சுவர். பிரிண்டர் திரும்பத் திரும்பச் சொதப்பியது. சுவர் உண்மையாகவே இடிந்து பிரிண்டரின் பிசின் தொட்டிக்குள் கிடந்தது. அவள் விடவில்லை. சேற்றுக்குப் பழுப்பு மட்டும் போதாதென்று ஊதாவையும் பச்சையையும் நீர்க்கக் கரைத்துப் பூசினாள். பள்ளத்தில் பளபளக்கும் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குட்டை தேக்கினாள். வீரனின் பூட்ஸ் பொருந்த இரண்டு தடம் குழித்தாள்.

அந்தத் தடங்கள் இப்போது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

திரும்பிப் போய்விடலாம் என்றாள். அவர் கேட்டால்தானே. பீடத்தைக் காட்சி மேசையில் வைத்து, அவள் பெயரை மட்டும் எழுதிய அட்டையைப் பக்கத்தில் சாய்த்தார்.

"ஆளே வரல. என் பேர் எதுக்கு?" என்றார்.

நடுவர் அம்மா பூதக்கண்ணாடியோடு வந்தார். கடந்து போனார். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து மூக்கு முட்டக் குனிந்தார்.

"யாரோ இப்பத்தான் இந்த வழியா ஓடியிருக்காங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிமிர்ந்து, "இந்த மண்ணைச் செஞ்சது யாரு?" என்றார்.

கணவர்தான் அவளை முழங்கையால் முன்னே இடித்துவிட்டார்.

அதற்குள் நாலைந்து தலைகள் சேற்றின்மேல் கவிந்துவிட்டன. குட்டையில் இருப்பது நிஜத் தண்ணீரா என்று ஒருவர் விரலை நீட்டி, நடுவரிடம் அதட்டு வாங்கினார்.

பரிசு இறக்கை விரித்த ஒரு டிராகனுக்குப் போனது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

வீடு வரும்வரை கணவரின் மறதியை வறுத்தெடுத்தாள். அடுத்த தடவை தன்னையும் மேசையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினார்.

கதவைத் திறந்து முதலில் உள்ளே போனது அவள்தான்.

மேசை துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது.

திரும்பினாள். அவர் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், ஒரு கையால் சட்டைப்பையை முட்டையைப் பொத்துவதுபோலப் பொத்தியபடி.

அவள் மறுபடி வெற்று மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமாங்க, மேசை மேலதான் நிக்கிறான்," என்றாள். "பாவம், நம்மளக் காணோம்னு தேடியிருப்பான்."

குனிந்தவர் நிமிரவே இல்லை.