சுழலாத டிஸ்க்

கடத்தூர் விதைக் கூட்டுறவு அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் காலையிலிருந்து உயிர் பெறவில்லை. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் மட்டும் இரைகிறது. உள்ளே டிஸ்க் சுழலும் சத்தம் இல்லை. ஆபரேட்டர் ராஜமேரி ஒரு வருஷமாகத் தட்டிச் சேர்த்த உழவர் விவரம் அத்தனையும் அதற்குள்தான். வேறு நகல் கிடையாது. டிஸ்க் உள்ளுக்குள் சுழல முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், கையிலெடுத்து வெடுக்கென்று திருப்பினால் விடுபடலாம், பிசகினால் எல்லாம் போய்விடும் என்று பெங்களூர் இன்ஜினியர் போனில் எச்சரித்திருக்கிறார். “வேணாங்கம்மா, பெங்களூருக்கே அனுப்பிச்சிரலாம்,” என்கிறார் மேனேஜர் முனிராஜ். “பஸ்ஸுல குலுங்குனா மிச்சமும் போயிருமுங்க சார்.” ராஜமேரி வளையல்களைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, செங்கல்போல் கனக்கும் டிஸ்கை வெளியே எடுத்து இரு கையாலும் ஏந்துகிறாள். ஜன்னல் வெயில் அதன் தகட்டில் பளிச்சிடுகிறது. மூச்சை அடக்கி மணிக்கட்டைச் சட்டென்று ஒரு திருப்பு. ஒயரை மாட்டி ஸ்விட்சைப் போடுகிறாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கொசு ரீங்காரம்போல் மெல்லிய ஒலி எழுந்து, ஏறி, நிலைக்கிறது. கறுத்த திரையில் பச்சை எழுத்துகள் வரிவரியாக நிறைகின்றன. முனிராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். “ஓடுதுங்களா?” நெற்றி வியர்வையைத் துடைக்காமலே ராஜமேரி நிமிர்கிறாள். “ஓடுதுங்க சார். நான் ஓட வெச்சிட்டேன்.”