கிடாயின் நடுக்கம்

"தலையை மட்டும் யாரும் தொடக்கூடாது பெரியத்தான், சொல்லிட்டேன்," என்றாள் பஞ்சவர்ணம்.

"தலை பூசாரி பங்கு. எங்கப்பன் காலத்துல இருந்து—" என்றார் பூசாரி, அவள் கணவனின் அண்ணன்.

"பங்கு, பங்கு! அதுக்கு நோவு. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"நோவுன்னு எவன் சொன்னது? தண்ணி தெளிக்கும் முன்னாடியே உடம்பைக் குலுக்குது பாரு. இந்த மாதிரி சாமி வெட்ட உத்தரவு குடுத்து—"

"ஒரு மாசமாக் குலுக்குது. ஒரு மாசமாவா உத்தரவு குடுக்குது உங்க சாமி?"

நடுவில் செம்மறிக் கிடா நின்றது.

சோணைசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. இன்று வெட்டு.

விலாவில் மயிர் இல்லை. பட்டிக் கல்லில் உரசி உரசித் தோல் சிவந்து கிடந்தது. கால் நடுங்கியது. தலை நடுங்கியது. கழுத்து மாலையிலிருந்து அரளி உதிர்ந்துகொண்டே இருந்தது.

கயிறு அவள் கணவன் பூமி கையில்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வரச்சொல்லித்தான் கால்நடை டாக்டரம்மா வந்திருந்தார். ஐஸ் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கிடாயின் இடுப்புக்கு மேலே விரலால் சொறிந்தார்.

கிடா முகத்தைத் தூக்கியது. உதடுகள் காற்றை மென்றன.

"பாத்தியா! வாய் முணுமுணுக்குது. சாமி பேசுது," என்றார் பூசாரி.

"பேசலைங்க. அரிக்குது," என்றார் டாக்டரம்மா. "சொறிப்பூச்சியான்னு போன வாரமே தோலைச் சுரண்டிப் பாத்தாச்சு. பூச்சி இல்ல. ஸ்கிராப்பின்னு ஒரு நோய் இருக்கு. மூளையில வர்றது. இந்தப் பக்கம் நான் பாத்ததில்ல, சந்தேகந்தான். மூளையை லேபுக்கு அனுப்பினாத்தான் உறுதியாத் தெரியும். பிடரியில அரிவா பட்டு உள்ள சிதைஞ்சா ஒண்ணும் தெரியாது. வலியில்லாமச் சாக ஊசி போட்டுர்றேன். கறியை யாரும் திங்க வேண்டாம்."

"சாமி கிடாய்க்கு ஊசியா? நல்லா இருக்கும்மா உங்க படிப்பு. பட்டியில இத்தனை ஆடு நிக்குதே, வேற எதுக்கும் ஏன் வரல?"

"கிடாக்குட்டி எதையாவது ஒரு வருசம் நிக்க விட்டீங்களா? கசாப்புக்குப் போயிருது. இந்த நோய் வெளிய தெரியவே ரெண்டு மூணு வருசம் ஆகும். நேர்ந்துவிட்டதால இது நின்னுருக்கு. தாயாடு எங்க?"





"செத்துப்போச்சு," என்றாள் அவள். "போன ஆடியில. இதே மாதிரி. கல்லுல உரசி, நடுங்கி, பின்காலை இழுத்துக்கிட்டு."

"அப்படின்னா தாய்கிட்ட இருந்தே வந்திருக்கலாம்."

ஒரு வருடமாக அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது.

"கேட்டீங்களா பெரியத்தான்? தாயாடு நடுங்குனப்ப என்ன சொன்னீங்க? ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு நின்னு என்ன சொன்னீங்க?"

"பழசை எதுக்குக் கிண்டுற?"

"நான் தீட்டோட கோயில் எல்லையை மிதிச்சேன்னீங்க. அந்தக் கோவத்துல சாமி ஆட்டைப் பிடிச்சு ஆட்டுதுன்னீங்க. என் கையால வச்ச பொங்கச்சோறு ஆகாதுன்னீங்க. இன்னைக்கும் குழாயடியில என் குடத்தைக் குச்சியால தள்ளி வைக்கிறாளுக. தாய் நடுங்குனா என் குத்தம். மகன் நடுங்குனா சாமி உத்தரவு. ஏன், ரெண்டும் ஒரே நடுக்கந்தானே?"

"ஏ பஞ்சவர்ணம், சாமியை இழுக்காத. வாய் அழுகிரும்."

"அழுகட்டும்! தலை லேபுக்குப் போகட்டும். நோவுன்னு வந்துச்சுன்னா அதே கூட்டத்துல எந்திரிச்சு நிக்கணும். நீங்க நிக்கணும். என் குத்தம் இல்லைன்னு உங்க வாயால சொல்லணும்."

பூசாரி மஞ்சள்தண்ணிச் செம்பை எடுத்துக்கொண்டார்.

"டேய் பூமி, இழுத்துட்டு வாடா கிடாயை."

கயிறு இறுகியது. கிடா ஓரடி எடுத்து வைத்தது. பின்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. தானாகவே தள்ளாடி எழுந்தது.

"இழுடா! பொண்டாட்டி வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

அவன் இழுக்கவில்லை.

கயிற்றை விடவும் இல்லை.

அன்று கூட்டத்திலும் இப்படித்தான் இருந்தான். துண்டை மடியில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

டாக்டரம்மா ஊசி மருந்தை எடுக்காமல் காத்திருந்தார்.

"ஆட்டுக்காரர் சரின்னு சொன்னாத்தான் நான் தொட முடியும். நீங்கதானே ஆட்டுக்காரர்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

கிடாயின் நடுக்கம் கயிறு வழியாக ஏறி அவன் மணிக்கட்டை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். அத்தனை நேரம் கத்தியவள், இப்போது கத்தவில்லை.

"அன்னைக்குக் கூட்டத்துல அம்புட்டு ஆம்பளைங்க முன்னால அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. எனக்குத் தீட்டு நின்னுபோயி அப்பவே மூணு வருசம். உங்களுக்குத் தெரியும்ல?"