பைக்குக் காவல்

தமயந்தி வழக்கம்போல பீரோவின் கதவில் உள்ளங்கையை வைத்தாள். உடம்பைப் படித்து, அன்றைய தினத்துக்கு ஏற்ற துணியை எடுத்துத் தருவது அதன் வேலை. காரணம் சொல்லாது; அது ஒன்றுதான் அதனிடம் அவளுக்குப் பிடித்த குணம்.

இன்று குடும்பத்தோடு போகிற இதே தீம் பார்க்குக்குப் போன வருஷம் கிளம்பியபோது அவள் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சமயம். பீரோ பருத்திச் சேலையும் தலைக்கு ஒரு துண்டும் தந்தது. பருத்தி உடுத்தியவர்களைத் தண்ணீர்ப் பக்கம் விட மாட்டார்கள். நாள் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருந்தாள்.

இன்று வந்தது முழுக்கை நைலான் நீச்சல் உடை. கூடவே ஈரத்தில் வழுக்காத செருப்பு.

"ஏங்க, பீரோ கெட்டுப்போச்சு போல. நம்ம பொண்ணோடதை எனக்குத் தருது."

கணவன் குணசீலன் வாங்கிப் பார்த்தான். "உன் அளவுதான்."

"டாக்டர் புதன்கிழமைதானே ஸ்கேன் ரிசல்ட் சொல்றேன்னாரு?"

"அவருக்குப் புதன்கிழமைதான் நேரம். பீரோவுக்கு ஏது லீவு?"

தமயந்தி அந்த உடையை அவனிடமிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு கட்டிலில் கிடந்த பெரிய பையைத் தூக்கி அவன் தோளில் மாட்டினாள்.

"இந்தத் தடவை மரத்தடி உங்களுக்கு."