முந்தாதவள்

கல்லூரிக்குப் பிறகு ஜெசிந்தா ஓடவே இல்லை. ஐம்பதை நெருங்கும்போது சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அவள் மகளின் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓடத் தொடங்கினாள். ஒவ்வொரு காலையும் பாதி வழியில் முழங்கால் கெஞ்சியது. ஒரு நாள், இனி வரவே வேண்டாம் என்று நிற்கப் போனபோது, பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீண்ட ஊதல். மாவட்டப் போட்டிகளில் கடைசிச் சுற்று வரைக்கும் அவளைத் துரத்தி வந்து தோற்கிற மூச்சு அது. அதற்குரியவளோடு அந்தக் கல்லூரி நாட்களில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

“பேச்சித்தாயா?” என்று திரும்பாமலே கேட்டாள்.

“பரவால்லியே, ஒனக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு. ஒரு வாரமா ஒன் பின்னாலதான் வாரேன்.”

“கூப்பிட்டிருக்கலாம்லா?”

“முந்திட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன். எங்க முடியுது?”

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தாள். பேச்சித்தாய் பக்கத்தில் வந்து அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

“நீ விட்டுக் குடுத்தேன்னா கொன்னுருவேன். ஓடுட்டி!”

இரண்டு கனத்த பெண்கள் சுடிதாரோடு பறப்பதைக் கண்டு, வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் பதறி எழுந்தார்.

“என்னக்கா, யாரும் வெரட்டுதானா?”